கைதட்டுக்குப் பொருந்திய பெயர்

அன்பு மகன் மானியஸுக்கு, நீ நலமாக இருந்தால் நாங்களும் நலம். இந்த வீட்டில் மற்ற நலமெல்லாம் அதற்குப் பிறகுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ரோமுக்குத் தானியக் கப்பல் இன்னும் வந்து சேரவில்லை, எனக்கும் எதற்கும் தெம்பில்லை.

ரைன் ஆற்றங்கரையிலிருந்து நீ எழுதியதைப் படித்தேன். பணிக்காலம் முடிந்தும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று பாசறை முழுக்கக் கொதிக்கிறதாம், தளபதி வந்ததும் எல்லோர் சார்பிலும் நீ பேச வேண்டுமாம், "உங்கப்பன் தொண்டை உனக்கு இருக்கே, நீதான் பேசணும்" என்கிறார்களாம். பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்தத் தொண்டை போன மாதம் செய்த காரியத்தைக் கேட்டுக்கொள். நாடக அரங்கில் கோஷத்தை முதலில் எடுத்துக்கொடுப்பவன் நான்தானே, அன்றைக்கு ரொட்டி விலைக்காகக் கத்தினோம். தானிய அதிகாரியின் பெயர் நீளம், கைதட்டில் அடங்கவில்லை. நம் தெரு ரொட்டிக்கடை ரூஃபியோவின் பெயர் மூன்றே தட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. "பதுக்கினவன் ரூஃபியோ" என்று யோசிக்காமல் எடுத்துவிட்டேன். அரங்கமே வாங்கிக்கொண்டது. அங்கிருந்து நேரே அவன் கடைக்கு நடந்தார்கள். நான் பின்னாலேயே ஓடி "வேணாம், வேணாம்" என்று கத்தினேன். அதையும் தாளத்தில் வாங்கிக்கொண்டு, வேணாம் வேணாம் என்று கைதட்டியபடியே கதவை உடைத்தார்கள். உள்ளே இரண்டு மூட்டை மாவுதான் இருந்தது. அவர்கள் அடித்த அடியில் ரூஃபியோ மூன்றாம் நாள் செத்துப்போனான்.

அதனால்தான் சொல்கிறேன், தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிடு. கோழை என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். "எவன்டா பேசினது?" என்று தளபதி கேட்டால், இன்று உன் தோளில் கைபோடுகிறவர்களே ஒதுங்கி உன்னைக் காட்டிவிடுவார்கள். நான்காம் வரிசையில் நில். இந்தக் கடிதம் வந்து சேர ஒரு மாதமாவது ஆகும், அதற்குள் அவர் வந்துவிடுவாரோ என்ற நினைப்பு என்னைத் தின்கிறது.

முதல் குரல் யாருடையது என்று ரூஃபியோவின் மனைவி ஃபவுஸ்டாவுக்குத் தெரியாது. நேற்று வந்து, "உங்க பையன் நல்லபடியா திரும்பணும்னு கோயில்ல சாம்பிராணி போட்டேண்ணே" என்றாள்.

வீட்டுத் தெய்வங்கள் உன்னைக் காக்கட்டும். அம்மா பின்னிய கம்பளிக் காலுறையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். நான் பேசவில்லை அப்பா என்று ஒரே ஒரு வரி, உன் கையாலேயே எழுதிப் போடு.

உன் அப்பா,
நுமேரியஸ்