எண்ணெய் தேய்க்காமல் வரவும்

மதினி,

இன்று காலை ஷீபாவிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. பதினோரு மணிக்கு வர வேண்டும், தளர்வான உடை போதும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். கடைசி வரி: ‘உடம்பில் எண்ணெய் தேய்க்காமல் வரவும்.’ அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் இப்போது இந்த வரி போகிறதாம். அது உங்களால் வந்த வரி என்று அவர்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

என் கழுத்துக்காகப் போனேன். பள்ளிக்கூட ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடந்ததில் வந்த வலி. அன்றைக்கு உங்களுக்குத் துணையாகக் குத்துக்கல்வலசையில் ஷீபாவின் இடத்துக்கு வந்தவள், இன்று துணைக்கு ஆளில்லாமல் போனேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோதே நீங்கள் போலீஸ். சீசன் வந்தால் உங்களைக் குற்றாலத்துக்குத்தான் போடுவார்கள். மெயின் அருவியில் பெண்கள் பக்கம், வாயில் விசில். குளிக்கிறவர்கள் வெளியே வர மாட்டார்கள், காத்திருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், நடுவில் நீங்கள். சாரலில் காக்கிச் சட்டை நனையும், காயும், மறுபடியும் நனையும். அருவிக்குள் மட்டும் நீங்கள் போனதே இல்லை. லீவு நாளில் கூப்பிட்டாலும், “ஊரையே விரட்டுன எடத்துல நானே போயி நிக்கவா? சும்மா கெட ஏட்டி” என்பீர்கள்.

ஓய்வு பெற்று வந்தபோது உங்கள் வலது தோள் காதை நோக்கித் தூக்கியே நின்றது. கை தோள்மட்டத்துக்கு மேல் எழும்பாது. அப்போதுதான் ஆசையைச் சொன்னீர்கள். “எல்லாரையும் குளிக்க வச்சேன். ஒரே ஒரு தடவ ஆசதீர அருவிக்குக் கீழ நிக்கணும் ஏட்டி. ஆனா இந்த முதுகுல அந்தத் தண்ணி விழுந்தா ஒடிஞ்சிருவேன்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறு இல்லை, எல்லாம் இறுக்கம்தான் என்றார். ஷீபா என்று செங்கோட்டைப் பெண் ஒருத்தி பெங்களூரில் படித்துவிட்டு வந்திருக்கிறாள், தசைகளைப் போர்த்தியிருக்கும் சவ்வை மெல்ல இளக்கி உடம்பின் நிலையைச் சரிசெய்கிறாள் என்று கேள்விப்பட்டு உங்களை இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் கூத்தை மறக்க முடியுமா? உடம்பைப் பிடிக்கப் போகிறோம் என்றால் நம் ஊரில் எண்ணெய்தானே! உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, பையில் சீயக்காய்ப் பொட்டலத்தோடு வந்து நின்றீர்கள். ஷீபா தோளில் கை வைத்தாள், கை வழுக்கிக்கொண்டு முழங்கைக்கு வந்தது.

“எண்ணெ வேண்டாம்மா. சவ்வப் பிடிச்சு மெதுவா நகத்தணும், கை நிக்கணும்லா?”

“எண்ணெ இல்லாம எப்படிம்மா பிடிப்ப? அது பிடியா, அடியா?” என்றீர்கள், ஸ்டேஷனில் கேட்கிற அதே குரலில்.

அன்று பேச்சோடு சரி. ஷீபா உங்களை நிற்க வைத்து முன்னாலும் பக்கவாட்டிலும் படம் எடுத்தாள். நடக்கச் சொன்னாள், குதிகால் தரையில் பதியவில்லை என்றாள். வாரம் ஒன்றாகப் பத்துத் தடவை வர வேண்டும், முதலில் மூச்சு போகிற இடம், பிறகு பாதம், விலா, முதுகு, கழுத்து என்று போகும் என்றாள். வலி இருக்கும், பொறுக்க முடியாவிட்டால் சொன்னால் போதும், கையை எடுத்துவிடுவாள். முடிந்ததும் அசதி வரும், தூக்கம் வரும், சிலருக்கு அழுகைகூட வரும். “நமக்கு அது வராது” என்று அந்த இடத்திலேயே தள்ளிவிட்டீர்கள்.

தோளைப் பற்றி முதலில் கண்டுபிடித்தது எண்ணெய் இல்லாமல் போன அடுத்த வாரம். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் விளையாட்டு வாத்தியார் விசில் ஊதினார். படுத்திருந்த உங்கள் தோள் விருட்டென்று காதுக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விசில், மறுபடியும் தோள். உங்களுக்கே அது தெரியவில்லை.

“இத அமுக்கி எறக்க முடியாதும்மா. வேலை முடிஞ்சிட்டுன்னு அது நம்பணும்” என்றாள் ஷீபா.

“எனக்கே இன்னும் நம்பிக்கை வரலியே” என்றீர்கள்.

விலாவில் வேலை நடந்த அன்று உங்கள் கண் நிறைந்து வழிந்தது. நான் பதறி எழுந்தேன். “நான் அழல ஏட்டி. கண்ணு தண்ணியா வருது, அவ்வளவுதான்” என்று என்னை அதட்டினீர்கள். “வரட்டும்மா” என்றாள் ஷீபா, கையை எடுக்காமல். வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை தூங்கினீர்கள்.

பத்தும் முடிந்தபோது கை காதோரம் வரை வந்தது, முழுதாக உயரவில்லை. ஷீபா அதற்கு மேல் வாக்குக் கொடுத்திருக்கவும் இல்லை. ஆனால் நீங்கள் நடந்தபோது குதிகால் தரையில் பதிந்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் காட்டினாள். “இது யாரு, என் தங்கச்சியா?” என்றீர்கள்.

ஆனி மாதம் சாரல் பிடித்ததும் அருவிக்குப் போனோம். தண்ணீர் மிதமாக விழுந்த காலைவேளை. முதலில் ஓரத்தில் நின்றீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, முதுகைக் கொடுத்தீர்கள். நான் பயந்துகொண்டே பார்த்தேன். ஒடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அப்போது காக்கி போட்ட சின்னப் பெண் ஒருத்தி விசில் ஊதினாள், அடுத்த வரிசை வரட்டும் என்று. என் கண் உங்கள் தோளுக்குத்தான் போனது. அது இருந்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் அதன்மேல் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. நீங்கள் மெல்லத் தலையைத் திருப்பினீர்கள்.

“ஏட்டி, யாரோ விசில் ஊதுதால்லா?”

“ஊதட்டும் மதினி. நீங்க நில்லுங்க.”

நின்றீர்கள். மூன்றாவது விசிலுக்குத்தான் வெளியே வந்தீர்கள். வந்ததும் அந்தப் பெண்ணிடம், “இன்னும் பலமா ஊதணும்மா, உள்ள ஒண்ணுமே கேக்கல” என்று கூசாமல் பொய் சொன்னீர்கள்.

அந்த ஒரு சீசன்தான் கிடைத்தது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை, மதினி. எத்தனையோ சீசன் நின்றிருக்க வேண்டிய ஆள் நீங்கள்.

இன்று உங்கள் இடத்தில் நான் படுத்திருந்தேன். ஷீபாவின் கை என் கழுத்துக்குக் கீழே இருந்தது. பள்ளி மைதானத்தில் விசில் கேட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே நினைப்பு. அவள் கை அப்படியே நின்றது.

“வரட்டும்க்கா” என்றாள்.

நான் அழவில்லை, மதினி. கண்ணு தண்ணியா வந்தது, அவ்வளவுதான்.