தானே திறந்துகொண்ட கடிதம்

மார்ச் 12, செவ்வாய். தூ டுக், வியட்நாம்.

ஆபீஸ் பொதுக் கம்ப்யூட்டரில், எழுதப் பயன்படும் எடிட்டர் மென்பொருளில் போன வாரம் ஒரு செட்டிங்கை மாற்றினேன். திறந்தால் போதும், கடைசியாக இருந்த கோப்புகள், சேமிக்காதவைகூட, தானே திரும்பி வரும். என் வசதிக்குத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மீட்டிங்கில் எடிட்டரைத் திறந்ததும், கூட வேலை செய்யும் லான் நேற்று அதே கம்ப்யூட்டரில் எழுதி, சேமிக்காமல் மூடிய கடிதம் பெரிய திரையில் வந்து நின்றது. வேறு கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதியது. மேனேஜர் கடைசி வரி வரை படித்தார்.

என்னை 'ஆன்' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவள் லான். "ஆன், நான்தான் சரியா மூடலை போல," என்றாள்.

"இருக்கும்," என்றேன்.

எல்லோரும் கிளம்பியதும் செட்டிங்கைப் பழையபடி மாற்றிவிட்டேன். இனி யார் சோதித்தாலும், அவள் மூடாமல் போனதாகத்தான் தெரியும்.