துடைப்பக் குச்சியும் என் கண்ணளவும்

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. டிரைவிங் ஸ்கூல் வண்டி வந்துடுச்சு, டெஸ்டுக்குக் கிளம்புறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன்.

நேத்து வாசல்ல ரெண்டு பக்கமும் மண்ணு வாளி வரிசையா வச்சு, வாளிக்கு ஒரு துடைப்பக் குச்சியா நட்டு, நடுவுல காரை ரிவர்ஸ்ல விடச் சொன்னீங்க. நாலு தடவையும் சைடு கண்ணாடி இடிச்சுக் குச்சி சாஞ்சுது. "உனக்குக் கண்ணளவே இல்ல"ன்னீங்க. யாருகிட்ட? இருபது வருஷமா ஊருக்கே சட்டை தைக்கிறவகிட்ட. அதான் பேச்சை நிறுத்தினேன்.

காலையில என் டேப்பால அளந்து பார்த்தேன். நீங்க கண்ணாடியை மடக்கி வச்சுக் காரை அளந்திருக்கீங்க, மகானுபாவரே. விரிச்சா ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடைதான் மிச்சம். டெஸ்ட்ல இதைவிடத் தாராளமா இடம் விடுவாங்களாம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. கோபமும் முக்கால்வாசி போயிடுச்சு.

டேப் மேஜை மேல இருக்கு. நீங்களே அளந்து பாருங்க.

பி.கு: ஜன்னல் வழியா வாசலைப் பாருங்க. கண்ணாடியை மடக்காம, உங்க அளவுக்குள்ளயே காரை விட்டுட்டேன். ஒரு குச்சிகூட அசையல.

இன்னொண்ணு: சாவி ஆணியிலதான் தொங்குது, ஆனா காரைத் தொடாதீங்க. குச்சியைச் சாய்ச்சுடுவீங்க. நான் வந்து எடுத்துத் தர்றேன்.