கல்குவாரி ஊருக்கு நான் உளவு போன கதை

என் வாலுப் பெண்ணுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் பாதி உண்மை, அம்மா சௌக்கியம். நீயும் உன் மாடி அறையும் சன்னலில் தெரியும் அந்தத் துண்டுக் கடலும் நன்றாக இருக்க வேண்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை நான் செருப்பு மொத்த வியாபாரிகள் கூட்டத்துக்குப் போகவில்லை. அம்மாவிடம் கூட்டம் என்றேன், கடை முதலாளியிடம் காய்ச்சல் என்றேன், இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது. உண்மையில் ஆறு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு, உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் அந்தக் கல்குவாரி ஊருக்குப் போய், செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் நோயாளி வேஷம் போட்டு உளவு பார்த்தேன். நிஜமாகவே ஒரு கால் இல்லாதவன் கால் இல்லாதவன் வேஷம் போடுவதில் என்ன பெரிய நடிப்பு இருக்கிறது என்று நீ கேட்பாய், அதிலும் கோட்டை விட்டேன், சொல்கிறேன்.

நீதான் போனில் கேட்டாய், படிக்கற காலத்துலேருந்து ஆசைப்பட்ட வேலைப்பா, ஆனா இந்த ஊரை விட்டுப் போக மனசு வரல, நீ என்ன சொல்ற என்று. நான் உன் இஷ்டம்மா என்றேன். அப்பா எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்திருப்பாய். எனக்கு விடை தெரியவில்லை, அவ்வளவுதான். இருபதாம் தேதிக்குள் நீ பதில் சொல்லியாக வேண்டும், வாடகைக்கு வீடு பார்க்கிறவன் குழாயைத் திறந்து பார்ப்பது போல நாமும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். பஸ் நிலையத்திலேயே தூசி தொடங்கிவிடுகிறது. மரமெல்லாம் மேலே மாவு சலித்துக் கொட்டினாற்போல நிற்கிறது. வெளியே துணி காயப்போட்ட வீடு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை, சன்னலிலெல்லாம் ஈரச் சாக்குத் தொங்குகிறது. உனக்குக் கொடுக்கப்போகும் குடியிருப்பையும் காவலாளியைத் தாஜா செய்து பார்த்தேன், இரண்டு அறை, சன்னலைத் திறந்தால் எதிரே பாதி தின்று வைத்த மலை. பன்னிரண்டு மணிக்கு வெடி வைக்கிறார்கள். டீக்கடையில் எல்லோரும் கிளாசைக் கையால் மூடிக்கொண்டார்கள், பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. நான் ஒருவன்தான் மேசைக்கு அடியில் போனேன்.

பட்டறை வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் என்னோடு சேர்த்துப் பத்துப் பேர், எண்ணிப் பார்த்தால் ஒன்பது கால். அந்த ஊரில் வணக்கம் சொல்வதில்லை, கல்லா லாரியா என்றுதான் கேட்கிறார்கள், அதாவது எது விழுந்து கால் போனது என்று. நான் சர்க்கரை என்றேன். பக்கத்தில் இரண்டு காலும் இல்லாத ஒரு வெடிக்காரர், அவரை எல்லோரும் முழுசு என்று கூப்பிடுகிறார்கள், பரவாயில்லண்ணே, உங்களுக்குத் தின்னு போச்சு, எங்களுக்குத் தின்ன வழி தேடிப் போச்சு என்றார். பெஞ்சே சிரித்தது, நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அது ஞாபகம் வந்தது, அப்போது சிரிப்பு வரவில்லை.

இனிதான் என் சாமர்த்தியம். பட்டறையை நடத்தும் மேற்பார்வையாளர் அம்மா வந்தார், அவர் விட்டுப்போகும் இடத்துக்குத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஐம்பது வயதிருக்கும், பேச்சுக்கு நடுவே இருமவில்லை, இருமலுக்கு நடுவே பேசினார். என் காலைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப்போனவர் ஒரு மணி நேரம் ஆளையே காணோம். ஓடிவிடலாம் என்றால் எதை வைத்து ஓடுவது. கடைசியில் ஒரு கோப்போடு வந்தார். அதில் நீ விண்ணப்பத்தோடு அனுப்பிய படங்கள், முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, எல்லாம் என் கால், கீழே அப்பாவுக்குச் செய்தது என்று உன் எழுத்து. நீ பரீட்சைக்காகச் செய்து முதல் மார்க் வாங்கிய அதே கால். திருடப் போகும் வீட்டுக்கு விலாசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனவன் உன் அப்பன் ஒருவன்தான். என்ன சார், வேவு பாக்க வந்தீங்களா, வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க என்றார். எங்கம்மா போவேன், கால் உங்க கையில இருக்கு என்றேன். சிரிக்கவில்லை. குனிந்து என் காலின் மிச்சத்தைப் பார்த்து, வலிக்குதா என்றார். இல்லை என்றேன். கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் பெஞ்சே திரும்பிப் பார்த்தது. எவ்வளவு நாளா, பொண்ணுகிட்ட சொல்லலையா என்று கேட்டார்.

கண்ணு, இதை எழுதத்தான் இவ்வளவு கோமாளித்தனமும். அந்தக் காலை நீ முதன்முதலில் மாட்டிவிட்ட அன்று தரையில் உட்கார்ந்து என் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாய். நான் செருப்புக் கடைக்காரன் சொல்றேன், அளவு கச்சிதம் என்றேன். பிறகு நீ போனில் கேட்கும்போதெல்லாம் பூ மாதிரி இருக்கு என்றேன். நாலு வருஷமாக அது ஒரு நாள்கூடப் பூ மாதிரி இருந்ததில்லை. உள்ளே ஒரு புண் இருக்கிறது, ஆறவில்லை. இப்படியே போனால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் போன மாதம் சொல்லிவிட்டார். புண் இருப்பது அம்மாவுக்குத் தெரியும், எதனால் என்று தெரியாது. முப்பது வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் செருப்பு கடிச்சா பொறுத்துக்காதீங்க, உடனே கொண்டுவாங்க என்று சொல்லி வயிறு வளர்த்த ஆள் நான். அந்த அம்மா சொன்னது இது: உங்க பொண்ணுக்கு நல்ல கை சார், மிச்சக் கால் உக்கார்ற கிண்ணத்துல உள்பக்கம் அரை விரல் தப்பு, சொல்லியிருந்தா அன்னைக்கே திருத்தியிருப்பா, இங்க வலிச்சா யாரும் பூ மாதிரின்னு சொல்ல மாட்டாங்க, கழட்டி மூஞ்சியில எறிவாங்க, அப்படித்தான் நான் கத்துக்கிட்டேன். புருவத்தில் தழும்பைக் காட்டினார். நீங்க ஏன் வேலையை விடறீங்க என்றேன். மூச்சு என்றார். பத்தொன்பது வருஷம். அவருக்கு முன்னால் இருந்தவரும் மூச்சுக்காகத்தான் போனாராம், போய் இரண்டு வருஷம்தான் உயிரோடு இருந்தாராம். முகமூடி போட்டுக்கொள்ளக் கூடாதா என்றால், போட்டா நாம சிரிக்கறது கால் மாட்ட வர்றவங்களுக்குத் தெரியறதில்ல, அதனால கழட்டிடறோம் என்கிறார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர் தெரியவில்லை, பத்தொன்பது வருஷம் கழித்து நீ தெரிந்தாய்.

அதனால் இந்தத் தடவை உன் இஷ்டம் என்று நழுவமாட்டேன். அந்த ஊர் உனக்கு வேண்டாம். இப்போதிருக்கும் கடையில் நீ முட்டிப் பட்டையும் சக்கர நாற்காலியும் விற்பது உன் படிப்புக்கு ஏற்ற வேலை இல்லைதான், தெரியும். ஆனால் சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டுக் கடற்கரையோரம் நடக்கிறாய், அபஸ்வரமாகப் பாடும் அறைத்தோழியைத் திட்டிக்கொண்டே தூங்குகிறாய், போனில் உன் குரலில் ஒரு வெளிச்சம் இருக்கிறது. பிடித்த ஊர் என்பது லேசான விஷயமில்லை, ஒரு கடைக்காகப் பிடிக்காத ஊரில் ஆயுசைக் கழித்தவன் சொல்கிறேன். வேலை இன்னொன்று வரும், நுரையீரல் வராது. புண்ணைப் பற்றி நீ அழக்கூடாது, தப்பு உன் கையில் அரை விரல், என் வாயில் ஒரு முழம்.

நீ நூறு வயது நல்ல காற்றை மூச்சில் இழுத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதே என் ஆசீர்வாதம், அம்மாவுடையதையும் அவளைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறேன். இருபதாம் தேதியை மறந்துவிடாதே, வேண்டாம் என்பதையும் மரியாதையாக எழுதித்தான் சொல்ல வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. செருப்பு வியாபாரிகள் கூட்டம் அமோகமாக நடந்தது என்று அம்மாவிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லிவை.

உன்னை நினைத்தபடி,
ஒன்றரைக் கால் அப்பா

பி.கு: இப்போது ஊன்றுகோலோடுதான் நடக்கிறேன், கால் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கிண்ணத்தைத் தானே திருத்தி ஒரு வாரத்தில் தருவதாக அந்த அம்மா சொன்னார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். கால் அங்கேயே அலமாரியில் இருக்கிறது. யார் திருத்த வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டுவார்களாம், அந்த ஊர் வேண்டாம் என்று மேலே எழுதிய இதே கைதான் அதில் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது.