தோணிக்காரி பிழைக்கவில்லை, மைனி

என் லீலா மைனிக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. எந்தப் புத்தகத்திலும் மனம் ஒட்டவில்லை. கட்டிலில் இப்போது மூன்று கிடக்கின்றன. ஒன்று தேனீ வளர்ப்பவர் ஒருவர் எழுதிய கட்டுரைகள். அரசாங்கத்தையும் தேனீயையும் ஒரே மாதிரி திட்டுகிறார், உங்களுக்குப் பிடிக்கும். இன்னொன்று ஒரே தெருவில் பகையோடு குடியிருக்கிற குடும்பங்களின் கதைகள். மூன்றாவது ஒரு மொழிபெயர்ப்பு, பனி பெய்கிற ஊர். எதிலும் நாற்பது பக்கம் தாண்டவில்லை. உதியன்குளங்கரைத் தையல் கடையில் ஊசியில் நூலைக் கோர்த்துவிட்டு, என்ன தைக்க உட்கார்ந்தேன் என்று மறந்து முழிக்கிறேன். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல?

நம் ஏற்பாட்டைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். நான் பாறசாலையில் தமிழில் படித்தவள், நீங்கள் பெருங்கடவிளையில் மலையாளத்தில் படித்தவர். பேச்சு இருவருக்கும் ஒன்றுதான். எழுத்தென்று வந்தால் என் புத்தகம் உங்களுக்குக் கோலம், உங்கள் புத்தகம் எனக்குக் கோலம். அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த வருடமே இது தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, நீங்கள் வாசித்ததை எனக்குச் சொல்வீர்கள், நான் வாசித்ததை உங்களுக்குச் சொல்வேன். அத்தியாயம் விடக்கூடாது என்பது சட்டம். விட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். "இடையில எங்கயோ சாடிட்டே பிள்ளே, திரும்பிப் போ" என்பீர்கள்.

மறுநாள் வாசகசாலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பெண்களுக்குப் புத்தகம் கொடுக்கக் கிளம்புவீர்கள். மலையாளப் புத்தகத்தைக் கையில் கொடுப்பீர்கள். நான் சொன்ன தமிழ்க் கதையை வாயால் கொடுப்பீர்கள்.

போன வருடம் உங்களுக்குச் சிகிச்சை நடந்தபோது, ஆற்றுக்கடவில் தோணி தள்ளும் ஒருத்தியைப் பற்றிய நாவலை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "இவ நம்ம கூட்டமாக்கும்" என்று அவளை உங்களுக்குப் பிடித்துப்போனது. பாதியில் அவளுக்கும் நோய் வந்தது. நான் பயந்துபோய்க் கடைசி அத்தியாயத்தை முதலிலேயே வாசித்துப் பார்த்தேன். செத்துப்போகிறாள். அடுத்த ஞாயிறு வந்தால், தலையில் முடியில்லாமல் துணியைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கிறீர்கள். நான் என்ன செய்வேன், பிழைக்க வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள், புதுத் துடுப்பு வாங்கினாள், அக்கரையில் சாயாக்கடை போட்டாள் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் அடித்துவிட்டேன். மூன்று ஞாயிறு இழுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றீர்கள்.

போன ஞாயிறு வாசகசாலையில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். உங்களுக்குப் பிடித்த கதை என்று தோணிக்காரியைப் பற்றி நான் பேச வேண்டுமாம். உண்மையைச் சொன்னால், ஊரெல்லாம் பொய்க்கதை சொன்னவர் ஆகிவிடுவீர்கள். மறைத்தால், உங்கள் படத்தின் முன்னால் நின்று அதே பொய்யை மறுபடியும் சொல்ல வேண்டும். அண்ணனிடம் கேட்டேன். "கதைதானே பிள்ளே" என்றார்.

எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவள் பிழைக்கவில்லை, மைனியிடம் நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். நீங்கள் பையோடு முதலில் ஏறும் வீட்டுச் சரோஜம் அக்கா உடனே சொன்னார்.

"அவ செத்துட்டதாத்தானே மக்கா லீலா எங்ககிட்ட சொன்னா. எங்க மருமவ மார்த்தாண்டத்துக்காரியாக்கும், தமிழு வாசிக்கத் தெரியும். லீலா புத்தகத்தக் கொண்டுவந்து கடைசிப் பாகத்த மட்டும் அவள வாசிக்கச் சொல்லிக் கேட்டா. ரெண்டு தடவ கேட்டா."

"எப்போ அக்கா?"

"நீ சொல்லிட்டிருந்த அதே சமயத்துல. உங்கிட்ட சொல்லாண்டாம்னு சத்தியம் வாங்கினா. ஜெஸிக்கு இத சொல்லப் பெலன் இல்ல, அவ சொல்லுத மாதிரியே சொல்லட்டுன்னா."

அட்டைப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தை என்னிடம் ஒரு வாரம் வாங்கி வைத்திருந்தீர்களே மைனி, அதற்குத்தானா?

என்ன பாசம் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, மைனி. பாதி உங்கள்மேல், பாதி என்மேல். இன்னும் அடங்கவில்லை. சிகிச்சைக்கு நடுவிலும் அந்த வீடுகளில் உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். பயமாக இருக்கிறது என்று சரோஜம் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறீர்கள், அவரே பிறகு சொன்னார். என்னிடம் வந்து, தோணிக்காரி கடையில் என்ன பலகாரம் உண்டு என்று கேட்டீர்கள். பழம்பொரி உண்டு என்று நானும் சொன்னேன். எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள், அந்த ஒரு பேச்சுக்கு ஆகாமல் போனேனே. நினைத்தால் இருப்புக் கொள்ளவில்லை. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ரோட்டில் நடக்கிறேன்.

இப்போது உள்ளபடி சொல்கிறேன். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் கேளுங்கள். கடைசி அத்தியாயம் முழுக்க அவள் பாயில் கிடக்கிறாள். பக்கத்தில் தங்கை. பயமாக இருக்கிறது என்கிறாள். தங்கை தேறுதல் சொல்லவில்லை. என்ன பயம், சொல்லு என்கிறாள். அப்புறம் அவள் பேசப்பேச தங்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்தில் உயிர் போகிறது. அவ்வளவுதான், மைனி. இதைத்தான் உங்களிடமிருந்து மறைத்தேன்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது அண்ணன் கேட்டார், "கடைசியில அவ உங்கிட்ட என்னத்தப் பேசினா?"

"ஒண்ணும் பேசல. நான் பேச விடல."

சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்குப் பயமாட்டு இருக்கு பிள்ளே, இந்த வீட்டுல ஒத்தைக்கு" என்றார்.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டேன். "என்ன பயம் அண்ணா, சொல்லுங்க" என்றேன். சாயங்காலம் வரை பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றையும் மாற்றவில்லை. இனிமேல் யாரிடமும் மாற்றமாட்டேன், மைனி. இது சத்தியம்.

உங்களைப் பேச விடாத நாத்தனார்,
ஜெஸி