காலண்டருக்குப் பின்னால் இருந்த சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டு வலி குறைந்ததா? பென்னாகரத்தில் மழை உண்டா? போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நான் நலம். குற்றாலத்துச் சாரலில் மேலகரம் அறையில் துணிதான் காயவில்லை.

துணைமின் நிலையத்துக் கணினிகளுக்குள் வெளியாள் நுழைய வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பயிற்சி. அங்கே இலஞ்சி முருகன் காலண்டருக்குப் பின்னால் பாஸ்வேர்டு எழுதிய சீட்டு இருந்தது. அறிக்கையில் எழுதிவிட்டேன். சீட்டை ஒட்டியவர் பலவேசம் அண்ணாச்சி. பதினான்கு வருட ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கென்று பாஸ்வேர்டு தராமல், இன்ஜினியருடையதை வைத்தே வேலை வாங்குகிறார்கள். இப்போது என் அறிக்கையைக் காட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்களாம்.

“வெளிநாட்டுத் திருடனப் பிடிக்க வந்திருக்கேன்னுதான சொன்ன பிள்ள, கடைசில என்னையல்லா பிடிச்சிருக்க” என்று சிரித்தார்.

தவறு அவருடையதல்ல, நிர்வாகத்துடையது என்று அறிக்கையில் சேர்த்தேன். அந்த வரியை எடுத்தால்தான் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்து என்கிறார் அதிகாரி. எடுக்க மாட்டேன். சான்றிதழ் இல்லாமல் வந்தால் திட்டாதே.

ஒரு போர்வை அனுப்பு. புதிது வேண்டாம், நீ போர்த்துவதே போதும். அண்ணாச்சி ஷிப்ட் முடிந்து கிளம்புகிறார். தபாலில் போட அவரிடமே கொடுக்கிறேன்.

உன் மகள்,
இளமதி