பட்ஜெட்டில் எழுதாத செலவு

ஜூன் 1, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். காற்று இல்லை. மலைப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். பாறை சூடு வீட்டுக்குள் வருகிறது.

இன்று பட்ஜெட். கிரெடிட் கார்டு பாக்கி இரண்டு லட்சத்துப் பதிமூன்றாயிரம். மே மாதம் கௌரவ விரிவுரையாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. பதினெட்டு வருடமாகக் கௌரவம் மட்டும். என் எம்.ஃபில். குறிப்புகளை வாங்கிப் போய் ஜெராக்ஸ் எடுத்த ஆள் இன்று நிரந்தரம். கார். என்னைக் கண்டால் கண்ணாடி மேலே ஏறுகிறது.

அரிசி: ரேஷன். கடை அரிசி ஞாயிறு மட்டும்.
பால்: அரை லிட்டர்.
பேப்பர்: நிறுத்தம். கல்லூரி நூலகத்தில் படிக்கலாம்.
கரண்ட்: ஒரு மின்விசிறி.
மகள் கயல் விடுதி, சாப்பாடு: 6,000. குறைக்க முடியாது. விழுப்புரத்தில் நர்சிங் இரண்டாம் ஆண்டு.
வெளி டீ: கிடையாது. செஞ்சிக் கோட்டைக்கு உலக அந்தஸ்து வந்ததிலிருந்து டீ பதினைந்து ரூபாய்.
வசந்தா தையல் வரவு: சேர்த்துக்கொண்டேன். அவளைக் கேட்கவில்லை.

மிச்சம் முழுவதும் கார்டுக்கு. மூன்று வருடத்தில் தீரும் என்று வந்தது. மறுபடி பார்த்தேன். வட்டியைச் சேர்க்க மறந்திருக்கிறேன். சேர்த்தால் தீராது.

ஜூன் 3, புதன்

வசந்தா பட்ஜெட்டைப் படித்தாள். மிஷினை மிதித்துக்கொண்டே.

"இன்னாங்க, பேப்பர்காரன் வரைக்கும் எழுதியிருக்கீங்க. வக்கீல எங்க காணோம்?"

"அது வீட்டுச் செலவு இல்ல."

"பின்ன கவர்மென்ட் செலவா?"

அவளிடம் சொல்லாததை இங்கே சொல்லிவைக்கிறேன். வழக்கு அனந்தபுரத்து நிலத்துக்கு. ஒரு கிணறு, அதைச் சுற்றிப் பதினெட்டு சென்ட். நைனா இறந்த மாதமே பிரதிவாதி பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பிரதிவாதி என்பது என் உடன்பிறந்த அண்ணன். இந்த நோட்டில் அவருக்கு இதுதான் பெயர். கருமாதிப் பந்தலில் கேட்டேன். "படிச்சவனுக்குக் கெணறு எதுக்குடா?" என்றார். பந்தலில் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது நினைவிருக்கிறது. அதற்குப் பதில்தான் இந்த வழக்கு. பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாலை வசந்தா கார்டின் பழைய ஸ்டேட்மென்ட்களை எடுத்து, பழைய காலண்டர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் வாய்தா தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன். கார்டில் ரொக்கம் எடுத்த நாளெல்லாம் வாய்தாவுக்கு முந்தின நாள். ஒன்று கூடத் தப்பவில்லை.

"லேப்டாப் ஒண்ணுதான் வீட்டுக்கு வந்திருக்குது. மிச்சமெல்லாம் கெணத்துல பூடுச்சி."

ராத்திரி ரசம். அப்பளம் இல்லை, பட்ஜெட்டில் இல்லையாம்.

ஜூன் 9, செவ்வாய்

புழுக்கம். மேகம் வந்து போனது.

ஸ்டேட்மென்ட் வந்தது. வரவு 6,000. நான் கட்டவில்லை.

வசந்தாவைக் கேட்டேன்.

"என்கிட்ட ஆறாயிரம் இருந்தா பேங்குல போயி போடுவனா? பொண்ணுக்கு நல்லதா ரெண்டு சுடிதார் எடுத்திருப்பேன்."

கார்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டு. ஒன்றை அழுத்தவும், நான்கை அழுத்தவும். கடைசியில் ஒரு பெண்.

"உங்க ரெஃபரன்ஸ் நம்பருக்கு அனுப்பின லிங்க்ல கட்டியிருக்காங்க சார். உறவுமுறை, சகோதரர்னு இருக்கு."

கார்டு வாங்கும்போது உள்ளூரில் ரத்த உறவு ஒருவரின் எண் கேட்டார்கள். வேறு ஆள் இல்லாமல் இல்லை. அவர் எண்ணைத்தான் கொடுத்தேன். வங்கியிலிருந்து கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரிக்கட்டும், எனக்கு எவ்வளவு லிமிட் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று. அப்போது ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடுகிறார்கள்.

பிரதிவாதி என் கடனைக் கட்டியிருக்கிறார். பல முறை எழுதிப் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல்லில் ஊசி போட்ட பிறகு இருப்பது போல.

ஜூன் 11, வியாழன்

கோபம் காலையில் வந்தது, அல்லது வந்தது போல் நடந்துகொண்டேன். அலமாரியில் கயலின் விடுதிப் பணம், கவரில். எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன்.

பிரதிவாதிக்கு நெல் மண்டி. லாரியில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சுமை இறக்குபவர் ஒருவர், "வாத்யாரே, வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்றார். சிரிப்பு. பந்தலில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள்.

கவரை மேசைமேல் வைத்தேன். "ஆறாயிரம். ஒன் தர்மம் வேணாம்."

அவர் எடைச் சீட்டை எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கோர்ட்டில் எப்போதும் பின்னால் உட்காருவதால் கவனித்ததில்லை.

"தர்மமா? யார்ரா இவன். மூட்டை எறங்கற நேரமா பாத்து போன் மேல போன் பண்றானுங்க. ஒங்க தம்பி எங்க சார், ஒங்க தம்பி ஏமாத்திட்டாரு சார்னு. எதிர்ல வெவசாயி நிக்கறான், வேவாரி நிக்கறான். எனுக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். ஊரே கேட்டுச்சு. வாய அடைக்கக் கட்னேன்."

"என் விஷயத்துல தலையிட நீ யாரு?"

"அத பேங்குக்காரன கேளு. என் நம்பர நீதான குடுத்த?"

கவரை அவர் பக்கம் தள்ளினேன்.

எச்சில் தொட்டு எண்ணினார். திருப்பித் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேனா? இருக்கலாம். தள்ளவில்லை. டிராயரில் போட்டார்.

"இன்னும் அம்பது ரூவா குடு. அனுப்பறதுக்கு சார்ஜ் புடிச்சான்."

கொடுத்தேன். பஸ்ஸுக்கு வைத்திருந்தது.

"கேஸு இருபத்தி நாலுதான?"

"ஆமாம்."

"வரேன்."

நடந்து வந்தேன். சட்டை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்தது.

ஜூன் 12, வெள்ளி

வசூல் ஆள் போன். குரலில் இருபத்தைந்து வயது இருக்கும்.

"சார், நல்ல சான்ஸ் சார். செட்டில்மென்ட் போட்டுத் தரேன். தொண்ணூத்தெட்டாயிரம், ஒரே பேமென்ட். முப்பதாம் தேதி லாஸ்ட். மீதி தள்ளுபடி. அதுக்கப்புறம் ஃபைல் என் கையில இருக்காது சார், ஆளு வீட்டுக்கு வருவாங்க, காலேஜுக்கும் வருவாங்க."

எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். வாசகத்தில் பிழை இல்லை.

தொண்ணூற்றெட்டாயிரம். என்னிடம் இருப்பது சில்லறை. பி.எஃப். கிடையாது. நகை என்று வீட்டில் இருப்பது வசந்தாவின் இரண்டு சவரன் செயின், அவள் அம்மா போட்டது. கல்லூரிக்கு ஆள் வந்தால் அந்த வருடத்தோடு என்னை நிறுத்துவார்கள். எங்களை நிறுத்தக் கடிதம்கூட வேண்டாம், அடுத்த வருடம் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

கத்தரிக்காய் விலை ஏறியிருக்கிறது.

ஜூன் 13, சனி

கயலிடமிருந்து அவள் அம்மாவுக்குப் போன். விடுதியில் பணம் கேட்கிறார்களாம், கட்டாதவர் பெயரைப் பலகையில் எழுதுகிறார்களாம். வசந்தா அலமாரியைத் திறந்தாள்.

"கவர் எங்க?"

சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"ஒங்க கடன ஒருத்தர் கட்டியிருக்காரு. அவருக்குத் திருப்பிக் குடுக்கப் பொண்ணு சோத்துக் காச எடுத்துனு போயிருக்கீங்க. சார்ஜு அம்பது ரூவா வேற. இத எந்தக் காலேஜுல சொல்லிக் குடுக்கறாங்க?"

எழுந்து தைக்கப் போனாள். மிஷின் சத்தம் மட்டும்.

ஜூன் 14, ஞாயிறு

அமாவாசை. விடிந்ததிலிருந்து மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள். பட்ஜெட்டில் கோயில் செலவு கிடையாது என்று எழுதியிருந்தேன். அவள் என்னைக் கேட்கவில்லை. பிளவுஸ் தைத்த காசில் போய்விட்டாள். நான் பழைய சாதம், ஊறுகாய்.

கூட்டம் ஏறுமுன் திரும்பி வந்துவிட்டாள். நெற்றி முழுக்கக் குங்குமம்.

"அம்மன் கிட்ட கேட்டுட்டு வந்தேன். செயின் தரேன். அடகு வெச்சி அந்தக் கடன முடிங்க. கேஸ வாபஸ் வாங்குங்க. மொத கேஸு, அப்பறம்தான் செயின்."

"அங்காளம்மன் சிவில் கேஸெல்லாம் பாக்கறாளா?"

"ஒங்க வக்கீல விட நல்லா பாக்கறா."

"கெணறு என் உரிமை."

"இருக்கட்டும். நான் வாணாங்கல. உரிமைய வெச்சிக்கோங்க, செயின நான் வெச்சிக்கறேன். ஆள் வந்தா நீங்களே பேசி அனுப்புங்க."

காலை நீட்டிப் படுத்தாள், உடனே தூங்கிவிட்டாள்.

ஜூன் 16, செவ்வாய்

கல்லூரி திறந்தது. முதல் வகுப்பில் ஒன்பது பேர். செஞ்சியை ஆண்டவர்கள் வரிசை. ஒருவர் கட்டியதை இன்னொருவர் பிடிக்கிறார். பாதியில் ஒரு பையன் கொட்டாவி. நானும்.

ஜூன் 17, புதன்

வழக்கை விட்டால் என்ன மிச்சம் என்று எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். இடது பக்கம் வழக்கு நடந்தால், வலது பக்கம் விட்டால்.

இடது: வாய்தா செலவு. வட்டி. ஆள் வீட்டுக்கு. கயல் பெயர் பலகையில்.
வலது: அவர் ஜெயித்ததாக ஊர் பேசும்.

வலது பக்கம் வேறொன்றும் வரவில்லை. இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோல்வி என்றுகூடத் தோன்றவில்லை. பேனா மை தீர்ந்துவிட்டது, ரீஃபில் ஐந்து ரூபாய்.

ஜூன் 19, வெள்ளி

வக்கீல் ஆபீஸ். வாபஸ் என்றேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"ஜெயிக்கிற கேஸ் சார் இது."

முதல் நாளும் இதைத்தான் சொன்னார். அப்போது அவருக்கு மீசை கறுப்பு.

"மெமோ போடணும் சார். ரெண்டாயிரம் குடுங்க."

"வாபஸுக்குமா?"

"போடறதுக்கு வாங்கினோம், எடுக்கறதுக்கு வாங்க வேணாமா? சும்மா செஞ்சா ராசி இல்ல சார்."

கடனாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். பதினோரு வருடத்தில் முதல் முறை கடன் சொன்னேன். "அதனால இன்னா சார்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். முதலிலேயே சொல்லியிருக்கலாம் போலிருக்கிறது.

ஜூன் 24, புதன்

தூறல். மண் நனையவில்லை.

வழக்கு எண் கூப்பிட்டார்கள். நீதிபதி புதியவர், பெண். மெமோவைப் படித்தார்.

"நீங்களாகத்தான் வாபஸ் வாங்கறீங்களா? யாராவது வற்புறுத்தினாங்களா?"

செயின் ஞாபகம் வந்தது. "இல்லை" என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, வழக்குச் செலவுத் தொகை வேண்டும் என்று ஆரம்பித்தார். பின்பெஞ்சிலிருந்து பிரதிவாதி, காது மந்தமானவர்களின் பெருங்குரலில்: "அவன் கிட்ட இன்னா இருக்குது? உடுங்க சார்."

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி அமைதி என்றார். செலவுத் தொகையின்றித் தள்ளுபடி. காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். "சரி" என்று கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். கொக்கி சட்டென்று வரவில்லை, நான்தான் எடுத்துவிட்டேன். கூட்டுறவு வங்கிக்கு இருவரும் போனோம். அப்ரைசர் கல்லில் உரசி, ஆசிட் விட்டுப் பார்த்தார். ஒரு லட்சத்து ஏழாயிரம் தந்தார்கள். கையெழுத்து நான்கு இடம், அவளுடையது. வெளியே வந்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜூன் 25, வியாழன்

கார்டுக்குக் கட்டியாயிற்று. தொண்ணூற்றெட்டாயிரம். ரசீது வந்தது. கடன் தீர்ந்த கடிதம் பிறகு வருமாம். வசூல் ஆள் வாழ்த்துச் சொன்னான், அடுத்த போனுக்குப் போய்விட்டான்.

விடுதிக்கு ஆறாயிரம். வக்கீலுக்கு இரண்டாயிரம். கையில் ஆயிரம்.

நகைக் கடன் வட்டி கார்டு வட்டியில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வருடத்தில் மீட்க வேண்டும். புதிய பட்ஜெட் வசந்தா எழுதினாள். அப்பளம் இருக்கிறது. மலையனூர் இருக்கிறது. பேப்பர் இல்லை.

கார்டை வெட்டினேன். கத்தரிக்கோல் அவளுடையது, துணி வெட்டுவது. முனை மழுங்கிவிடும் என்று திட்டு.

மகிழ்ச்சியா என்று கேட்டாள். தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் நின்றது போல. எந்தச் சத்தம் என்று தெரியவில்லை.

நேற்று எழுதாமல் விட்டது: தள்ளுபடி என்று சொன்ன பிறகு நான் எழுந்து போகவில்லை. வாய்தா நாளில் மதியம் வரை உட்கார்ந்தே பழக்கம். பெஞ்சில் அப்படியே இருந்தேன். அடுத்த வழக்கு, ஏதோ வரப்புத் தகராறு. பார்த்தால் அவரும் போகவில்லை. பின்பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் பெஞ்சில், அந்தக் கோடியில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு குடை. வெகு நேரம் வரப்புத் தகராறைக் கேட்டுக்கொண்டிருந்தோம். யார் சொல்வது சரி என்று எனக்குப் புரியவில்லை, அவருக்குக் கேட்டிருக்காது.

"சாப்டியா?" என்றார், மெதுவாக என்று நினைத்துக்கொண்டு. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

இல்லை என்றேன். சாப்பிட்டிருந்தேன்.